எண்ணாமல் விட்ட தண்ணீர்

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் சொந்தக் கதையில ஆரம்பிக்குது.

வேலையை விட்டுட்டு தனியா கன்சல்டிங் ஆரம்பிச்ச புதுசுல, ஆம்பூர் பக்கம் ஒரு தோல் கம்பெனிக்கு டேஷ்போர்டு செஞ்சு கொடுத்தேன். பச்சைத்தோல் எவ்வளவு வந்துச்சு, எத்தனை சதுர அடி முடிஞ்சுது, எவ்வளவு ரிஜெக்ட் ஆச்சு, யார்கிட்ட பணம் பாக்கி, எல்லாமே ஒரே ஸ்க்ரீன்ல. கடைசி மீட்டிங்ல கேட்டேன்: "சார், தண்ணிக் கணக்கும் சேர்த்துடலாமா? எவ்வளவு எடுக்கறோம், எவ்வளவு வெளிய போகுதுன்னு?" அவர் சிரிச்சாரு. "அது கவர்மென்ட்டுக்குக் காட்டுற கணக்கு தம்பி. இதுல எதுக்கு?" நானும் விட்டுட்டேன். பில் போட்டேன், பணம் வந்துச்சு.

ஆனா அது மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு. தேடிப் படிச்சப்போதான் ஒரு விஷயம் புரிஞ்சுது. இந்தத் தோல் பெல்ட்டோட ரொம்ப முக்கியமான டேட்டா வேலையே அந்தத் தண்ணிக் கணக்குதான். அதை ஆரம்பிச்சது ஐடி ஆளுங்க இல்ல.

கதை 1991-ல தொடங்குது. ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடின்னு பாலாறு ஓரமா இருக்கற ஊர்கள்ல நூத்துக்கணக்கான டேனரி. ஒரு கிலோ தோல் பதப்படுத்தி முடிக்க சுமார் 35 லிட்டர் தண்ணி ஆகும்னு கோர்ட்டு ஆவணத்துல இருக்கு. உப்பும் ரசாயனமும் கலந்த அந்தத் தண்ணி சுத்தம் பண்ணாம ஆத்துக்கும் நிலத்துக்கும் போச்சு. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம்னு ஒரு அமைப்பு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாங்க.

"தண்ணி கெட்டுப்போச்சு"ன்னு மட்டும் சொன்னா கேஸ் நிக்காது. எவ்வளவு கெட்டுச்சு, எங்கே கெட்டுச்சு? அதுக்கு நம்பர் வேணும். வழக்கு வேலூரோட நிக்கல; திண்டுக்கல் மாதிரி மத்த டேனரி மாவட்டங்களும் அதுல உண்டு. அங்க ஒரு தன்னார்வ அமைப்பு 13 கிராமத்துல சர்வே எடுத்தாங்க. குடிக்கவும் பாசனத்துக்கும் இருந்த 467 கிணத்துல 350 கெட்டுப்போயிருந்துச்சு. அதாவது நாலு கிணத்துல மூணு. டேனரி பெல்ட்ல கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் முழுசாவோ பாதியாவோ பயிருக்கு லாயக்கில்லாம போயிடுச்சுன்னு வேளாண் பல்கலைக்கழகத்தோட வேலூர் மையம் சொன்னதும் தீர்ப்புல பதிவாச்சு. யாரும் பில் போட்டு வாங்குன ரிப்போர்ட் இல்ல இதெல்லாம். ஆனா கோர்ட்டு பேச ஆரம்பிச்சது இந்த நம்பர்களை வெச்சுத்தான்.

28 ஆகஸ்ட் 1996. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொல்லுது. தோல் ஏற்றுமதி நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டு வருதுதான், ஆனா அதுக்காக ஊரை அழிக்க உரிமை கிடையாதுன்னு சொல்லிட்டு, மாசுபடுத்தினவங்கதான் செலவை ஏத்துக்கணும்ங்கற கொள்கையை இந்தியச் சட்டத்தோட ஒரு பகுதின்னே அறிவிச்சுது. சட்டம் படிக்கற பசங்க இந்தத் தீர்ப்பை இன்னைக்கும் படிக்கறாங்க.

எனக்கு வேற ஒரு இடத்துல கண்ணு நின்னுச்சு. நஷ்டஈடு கணக்குப் போட ஒரு ஆணையம் அமைக்கச் சொன்ன கோர்ட்டு, அந்த ஆணையம் கலெக்டருக்கு அனுப்ப வேண்டிய பட்டியல் எப்படி இருக்கணும்னும் எழுதி வெச்சிருக்கு. மொத்தம் வசூலிக்க வேண்டிய தொகை. மாசுபடுத்தினவங்க பேரு. ஒவ்வொருத்தர்கிட்டயும் வாங்க வேண்டிய தொகை. யாருக்குக் கொடுக்கணும். ஒவ்வொருத்தருக்கும் எவ்வளவு. அஞ்சு ஃபீல்டு! ஒரு பக்கம் டேனரி, ஒரு பக்கம் விவசாயி, நடுவுல பணம். எந்த டேட்டாபேஸ் இன்டர்வியூலயும் பாஸ் ஆகற டிசைன் இது.

ஆணையம் வேலை செஞ்சுது. 2001 மார்ச்ல வந்த உத்தரவுப்படி வேலூர் மாவட்டத்துல பாதிக்கப்பட்டவங்க 29,193 பேர், நஷ்டஈடு சுமார் 26.82 கோடி ரூபாய். கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க: சராசரியா ஒரு ஆளுக்கு 9,200 ரூபாய்க்குக் கீழதான். ஒரு நல்ல லெதர் ஷூ ஜோடியோட விலையை இதுகூட ஒப்பிட்டுப் பாருங்க.

இப்போ நேரா 30 ஜனவரி 2025-க்கு வாங்க. அதே சுப்ரீம் கோர்ட்டு, அதே பாலாறு. இன்னும் நஷ்டஈடு போய்ச் சேராதவங்களுக்கு ஆறு வாரத்துக்குள்ள கொடுத்து முடிங்க, டேனரிகள்கிட்டேருந்து வசூல் பண்ணிக்கோங்கன்னு அரசுக்கு உத்தரவு. இந்தத் தடவை வழக்கை மூடாம, கண்காணிப்பையும் கோர்ட்டு தன் கையில வெச்சுக்கிச்சு. நடுவுல போனது 24 வருஷம்.

அந்த அஞ்சு ஃபீல்டைத் திரும்பப் பாருங்க. ஆறாவதா ஒண்ணு இருந்திருக்கணும்: பணம் கையில கிடைச்ச தேதி.

இன்னொரு சிக்கலும் இருக்கு. டேட்டா ஆளுங்களுக்கு இது சட்டுனு புரியும். 1996 தீர்ப்புல இந்தப் பகுதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். 2001-ல அதுவே வேலூர் மாவட்டம். 2019-ல மூணா பிரிச்சாச்சு. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போ திருப்பத்தூர் மாவட்டத்துல. பேரை வெச்சு பழைய பட்டியலையும் புதுப் பட்டியலையும் இணைச்சா ஆளுங்க காணாம போவாங்க. ஸ்க்ரீன்ல அது ஒரு "மேட்ச் ஆகலை". ஊர்ல அது ஒரு குடும்பம்.

இதுக்காக டேனரியே கூடாதுன்னு நான் சொல்ல வரல. ஆம்பூர் பக்கம் ஷிஃப்ட் முடியற நேரம் ரோட்ல நின்னு பாருங்க, ஷூ கம்பெனியிலேருந்து எத்தனை பெண்கள் வெளிய வர்றாங்கன்னு. அத்தனை வீட்டுல அந்தச் சம்பளத்துலதான் அடுப்பு எரியுது. பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்திருக்கு. 2014-லேருந்து டேனரி உட்பட 17 வகைத் தொழில்கள்ல கழிவை ஆன்லைன்ல அளக்கற சென்சார் வைக்கச் சொல்லியிருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அன்னைக்கு கிணறு கிணறா நடந்து எண்ணினாங்க. இன்னைக்கு மெஷினே எண்ணுது. ஆனா அந்த நம்பரைப் பார்த்து யார் எழுந்து வந்து வால்வை மூடணும்ங்கறது எந்த சென்சார்லயும் இல்ல.

இப்போ எந்த கிளையன்ட்டோட உட்கார்ந்தாலும், கோட் எழுதறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேக்கறேன். இந்த வேலையால பாதிக்கப்படற, ஆனா இந்த ஸ்க்ரீனைப் பார்க்கவே போகாத ஆள் யாரு? நம்பர் சிவப்பாச்சுன்னா யார், எத்தனை நாளுக்குள்ள, என்ன செய்யணும்? சில பேர் பதில் சொல்றாங்க. ஒருத்தர் அதுக்கப்புறம் போனே எடுக்கல. முதல் கிளையன்ட்கிட்ட மட்டும் இதைக் கேட்காம விட்டுட்டேன்.

பாலாறு ஓரத்து ஊர்லேருந்து கேக்கறவங்க யாராவது இருந்தா, உங்க வீட்டுக் கிணத்தைப் பத்தி தாத்தா பாட்டிகிட்ட கேட்டு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல போடறேன்.