வலி நிவாரணியும் சிறுநீர்ப்பையும்: பெயர்கள் சொல்லும் வரலாறு

ஜொகூரின் மருந்தகங்களில் ஒரே மருந்து மூன்று மொழிகளில் கேட்டு வாங்கப்படுகிறது. ஆங்கிலத்தில் அது வலியைக் கொல்வது. மலாயில் 'உபாட் தாஹான் சாகிட்', அதாவது வலியைத் தாங்கச் செய்யும் மருந்து. தமிழில் வலி நிவாரணி, வலியை நீக்குவது. வினை மாறினும் மூன்று பெயர்களும் வலி ஒன்றையே சுட்டுகின்றன. அம்மருந்து உடலில் வேறெங்குச் சென்று என்ன செய்கிறது என்பதை எப்பெயரும் உரைப்பதில்லை. ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் முதலிய அழற்சி தணிக்கும் வலி நிவாரணிகள் சிறுநீர்ப்பைத் தசையையும் தொடுகின்றன. அது எவ்வாறு என்பதை அறிய, மற்றொரு பெயரின் வரலாற்றை நாம் காணவேண்டும்.

ஜெர்மனியின் பாயர் நிறுவனத்தில் 1897இல் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் உருவாக்கிய மருந்து, 1899இல் ஆஸ்பிரின் என்னும் பெயருடன் விற்பனைக்கு வந்தது. அது வலியைத் தணிப்பதை உலகம் கண்டது. எவ்வாறு தணிக்கிறது என்பது எழுபது ஆண்டுகளுக்கு மேல் விளங்கவில்லை. இதற்கிடையே, 1930களில் சுவீடன் அறிஞர் உல்ஃப் வான் ஆய்லர், விந்து நீரில் தசையைச் சுருக்கவல்ல ஒரு பொருளைக் கண்டார். அது புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வருவதெனக் கருதிப் 'புரோஸ்டகிளாண்டின்' எனப் பெயரிட்டார். விந்து நீரில் அது பெரும்பாலும் விந்துப் பைகளிலிருந்தே வருகிறது என்பதும், உடலின் ஏறத்தாழ எல்லாத் திசுக்களும் அதனை உண்டாக்குகின்றன என்பதும் பின்னர்த் தெளிவாயின. பெயர் மட்டும் மாறவில்லை. நன்னூல் பயிலும் மாணவர்க்கு இது நல்ல எடுத்துக்காட்டு: காரணப் பெயராகப் பிறந்து, காரணம் பொய்த்தபின் இடுகுறிபோல் நிலைத்த சொல் இது.

1971இல் இங்கிலாந்தின் ஜான் வேன், ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் புரோஸ்டகிளாண்டின் உண்டாவதைத் தடுத்தே வேலை செய்கின்றன என்று நிறுவினார். 1982இல் பெர்க்ஸ்ட்ரோம், சாமுவெல்சன் ஆகியோருடன் நோபல் பரிசையும் பெற்றார். மாத்திரை வலியுள்ள மூட்டை மட்டும் தேடிச் செல்வதில்லை. குருதி வழியே எங்கும் பரவி, இப்பொருள் உண்டாகும் பிற இடங்களிலும் அதனைக் குறைக்கிறது.

அவ்விடங்களுள் சிறுநீர்ப்பையும் ஒன்று. நீர் நிரம்பும்போது அதன் சுவர்த்தசை தளர்கிறது; கழிக்கும்போது நரம்பின் ஏவலால் சுருங்குகிறது. பையின் உட்படலத்திலும் தசையிலும் உண்டாகும் புரோஸ்டகிளாண்டின், அச்சுருக்கத்துக்குத் துணைநின்று, பை நிரம்பியதை உணர்த்தும் நரம்புகளையும் கூர்மையாக்குகிறது. அது குறைந்தால், அடிக்கடி நீர் முட்டும் சிலருக்குத் தொல்லை தணியலாம். வேறு சிலருக்கோ பை முழுதும் வடியாமல் நீர் தங்கிவிடலாம். புராஸ்டேட் வீங்கிய முதியவர்க்கு இவ்விடர் மிகுதி. 45 வயதும் அதற்கு மேலும் ஆன நெதர்லாந்து ஆடவரைப் பற்றி 2005இல் வெளியான ஆய்வொன்று, இம்மருந்துகளை உட்கொண்டோர்க்குத் திடீர் நீரடைப்பு நேரும் வாய்ப்பு ஏனையோரைவிட ஏறத்தாழ இருமடங்கு எனக் கண்டது. உண்டோர் அனைவர்க்கும் அது நேரும் என்பது இதன் பொருளன்று.

இனி நம் சொற்களைப் பார்ப்போம். சித்த மருத்துவம் அடக்கலாகாத 14 வேகங்களுள் சிறுநீரையும் ஒன்றாக வைத்தது. நீர் கழிகையில் எரிந்து வலித்தால் நீர்க்கடுப்பு. முட்டியும் வெளியேறாவிடில் நீரடைப்பு என நம் வழக்கு தெளிவாகப் பிரிக்கிறது. மலாயில் 'ஆயிர் கெச்சில்' என்பதும் தமிழில் சிறுநீர் என்பதும் சொல்லுக்குச் சொல் ஒன்றே. இரு மக்களும் ஒரே நாகரிகத்தோடு இதனைக் குறித்துள்ளனர். அந்நாகரிகம் கூச்சமாக மாறும்போதுதான் இடர் விளைகிறது. மருத்துவமனையில் பாட்டனாருக்காக மொழிபெயர்க்கும் பேரப்பிள்ளை, அடைப்பு என்பதைக் கடுப்பு என்று சொல்லிவிட்டால், மருத்துவரின் கருத்து கிருமித் தொற்றை நோக்கித் திரும்பக்கூடும். மூட்டுக்கு உண்ணும் மாத்திரையைச் சொல்லாமல் விட்டால், காரணமே மறைந்துபோகக்கூடும்.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, பாடநூல்களையும் தமிழாக்கினார். மருத்துவத்தைத் தாய்மொழியில் சொல்லவியலும் என்பதற்கு அது சான்று. நாம் செய்யவேண்டியது அதனினும் எளிது. நீரடைப்பு, நீர்க்கடுப்பு, அழற்சி, வலி நிவாரணி ஆகிய சொற்களையும் அவற்றுக்கு நேரான மலாய், ஆங்கிலச் சொற்களையும் ஆசிரியர்கள் ஒரு பாடவேளையில் கற்பிக்கலாம். மாணவர்கள் வீட்டு முதியோர் உண்ணும் மாத்திரைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி வைக்கலாம். நீர் கழிவதில் மாற்றம் கண்டால், மருந்தைத் தாமே நிறுத்தாமல், அத்தாளோடு மருத்துவரிடம் செல்லட்டும். நீர் முற்றிலும் அடைபட்டால் அன்றே, அப்பொழுதே செல்லட்டும்.