மலை மாநிலத்தின் கதைகளும் வரலாறும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஐம்பது மாநிலங்களுள், உள்நாட்டுப் போரின் நடுவே தாய் மாநிலத்தைத் துறந்து பிறந்தது மேற்கு வர்ஜீனியா. 1861-ஆம் ஆண்டில் வர்ஜீனியா மாநிலம் ஒன்றியத்தினின்று பிரிவதெனத் தீர்மானித்தபோது, அதன் வடமேற்கு மலைப்பகுதி மக்களுள் பெரும்பாலோர் அம்முடிவை ஏற்க மறுத்தனர். அவர்தம் முயற்சியால் 1863 ஜூன் 20-ஆம் நாள் அப்பகுதி முப்பத்தைந்தாம் மாநிலமாக ஒன்றியத்தில் சேர்ந்தது. ‘மலைவாழ்வோர் என்றும் உரிமையுடையோர்’ என்பது இலத்தீன் மொழியில் அமைந்த அதன் முத்திரை வாசகம். அவ்வாசகம் யாரையெல்லாம் உள்ளடக்கியது என்பதைப் பின்னர்க் காண்போம்.

அப்பலாச்சிய மலைத்தொடர் அம்மாநிலத்தை முழுவதுமாகத் தழுவிக் கிடக்கிறது. அடர்ந்த காடு, ஆழ்ந்த பள்ளத்தாக்குகள், மண்ணுக்கடியில் நிலக்கரி, ஒன்றையொன்று எளிதில் எட்டவியலாத சிற்றூர்கள். இத்தகைய நிலத்தில் கதைகள் செழித்து வளர்வது இயல்பே. அக்கதைகளை வரலாற்று மாணவன் எங்ஙனம் அணுக வேண்டும்? வகுப்பறையில் ஒரு பழங்கதையைச் சொல்லி முடித்தவுடன் பிள்ளைகள் கேட்கும் முதற்கேள்வி, “ஐயா, இது மெய்யாகவே நடந்ததா?” என்பதுதான். நல்ல கேள்வி. ஆயின் அதனோடு நின்றுவிடலாகாது. நடந்தவற்றுள் எதனைக் கதை காத்து வைத்தது, எதனை நழுவ விட்டது என்று கேட்கும்போதே வரலாறு தொடங்குகிறது.

முதலில் பாயிண்ட் பிளசண்ட் என்னும் ஊரை எடுத்துக்கொள்வோம். ஒகையோ ஆற்றோடு கனாவா ஆறு கலக்குமிடத்தில் அமைந்தது அவ்வூர். 1774-ஆம் ஆண்டில் ஷானீ குடித் தலைவன் கார்ன்ஸ்டாக் அங்கே வெள்ளையர் படையோடு பொருதான். மூன்றாண்டுகளுக்குப் பின்னர் அவனே அமைதி நாடி அங்கிருந்த கோட்டைக்கு வந்தான். வந்தவனைப் பிணையாகப் பிடித்து வைத்தனர். கோட்டையைச் சேர்ந்த வீரனொருவன் வெளியே கொல்லப்படவே, சினங்கொண்ட படையினர் கார்ன்ஸ்டாக்கையும் அவன் மகனையும் சுட்டுக் கொன்றனர். கொன்றவர் எவரும் தண்டனை பெற்றிலர். அவர்க்கு எதிராகச் சாட்சி சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. உயிர் பிரியுமுன் அத்தலைவன் அந்நிலத்தைச் சபித்தான் என்பது கதை.

அக்கதை 1967-இல் புத்துயிர் பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டின் நவம்பர் முதல், சிவந்த கண்களும் பெருஞ்சிறகுகளும் கொண்ட மனித உருவொன்றைக் கண்டதாக அவ்வூரார் சிலர் கூறி வந்தனர். செய்தித்தாள்கள் அதற்கு ‘அந்துப்பூச்சி மனிதன்’ எனப் பெயரிட்டன. 1967 டிசம்பர் 15-ஆம் நாள் மாலை, வண்டிகள் நிறைந்திருந்த வேளையில், ஒகையோ ஆற்றின்மீதிருந்த வெள்ளிப் பாலம் முறிந்து விழுந்தது. 46 பேர் மாண்டனர். சாபம் பலித்தது என்றனர் சிலர். சிறகுடை உருவம் முன்னறிவித்தது என்றனர் வேறு சிலர். ஆய்ந்த பொறியியலாளரோ, பாலத்தைத் தாங்கிய சங்கிலியின் ஒரேயோர் இரும்புப் பட்டையில், கண்ணுக்குப் புலனாகாத இடத்தில், மூன்று மில்லிமீட்டர் ஆழமும் இல்லாத விரிசலொன்றே காரணம் எனக் கண்டனர். அதன் பின்னரே நாடு முழுவதும் பாலங்களை முறையாகச் சோதிக்க வேண்டும் என்னும் சட்டம் வந்தது. சாபக் கதையை நம்பியிருந்தால் அச்சட்டம் வந்திராது. ஆயினும், அமைதி பேச வந்தவனைக் கொன்றோம் என்னும் உறுத்தல் இருநூறாண்டுகளாக அவ்வூரார் நெஞ்சில் கிடந்ததற்கு அச்சாபக் கதையன்றி வேறு சான்று ஏது? சிறகுடை உருவத்திற்கு இன்று அவ்வூரில் சிலை உண்டு. ஆண்டுதோறும் விழாவும் உண்டு. அது வணிகம், அதனை விட்டுவிடலாம்.

கிரீன்பிரையர் மாவட்டத்து ஆவிக் கதை வேறு வகையது. பழையனூர் நீலியை அறிந்த நமக்கு அது புதிதாகத் தோன்றாது. 1897 ஜனவரியில் சோனா என்னும் இளம்பெண் தன் வீட்டில் இறந்து கிடந்தாள். அவள் கணவன் ஒரு கொல்லன். மருத்துவர் வருமுன்பே அவன் பிணத்திற்கு உடை மாற்றி, கழுத்தை உயர்ந்த பட்டையால் மறைத்து, தலையை மடியில் ஏந்தி அழுதுகொண்டிருந்தான். மருத்துவர் மேலோட்டமாகப் பார்த்து இயற்கை மரணமென எழுதிவிட்டார். சில வாரங்களுக்குப் பின்னர் சோனாவின் தாய், தன் மகள் நான்கு இரவுகள் தன்முன் தோன்றி, கணவன் தன் கழுத்தை முறித்துக் கொன்றதாகச் சொன்னாள் என்று அரசு வழக்கறிஞரிடம் முறையிட்டாள். பிணத்தைத் தோண்டி எடுத்து ஆய்ந்தனர். கழுத்தெலும்பு முறிந்திருந்தது. கணவன் வாழ்நாள் சிறைத்தண்டனை பெற்று, 1900-இல் சிறையிலேயே இறந்தான்.

ஆவியின் சாட்சியால் தண்டனை கிடைத்த வழக்கு என்று அரசே சாலையோரத்தில் பலகை நட்டிருக்கிறது. ஆனால் வழக்கு நடந்த முறையைப் பார்த்தால், அரசு வழக்கறிஞர் ஆவியைப் பற்றி வாய் திறக்கவேயில்லை. அந்தத் தாயை எள்ளி நகையாடி அவளது சொல்லைப் பொய்யாக்கக் கருதி, எதிர்த்தரப்பு வழக்கறிஞரே அதனைக் கிளறினார். அவளோ தான் கண்டது கனவன்று என உறுதியாக நின்றாள். கேட்டிருந்தோர் நம்பினர்! தன் ஐயத்தைத் தன் சொல்லாக ஓர் ஏழைத்தாய் சொல்லியிருந்தால் அதற்கு மதிப்பிருந்திருக்குமா? மகளின் சொல்லாகச் சொன்னபோது மன்றம் செவிமடுத்தது. கொலையைக் காட்டிலும் இக்கதை நமக்குச் சொல்வது இதுவே என்பது என் கருத்து.

இனி, அம்மாநிலத்தின் எல்லாக் கதைகளினும் பெரிய கதைக்கு வருவோம்.

உள்நாட்டுப் போர் முடிந்தபின், செசபீக்–ஒகையோ இருப்புப்பாதைக் குழுமம் வர்ஜீனியாவிலிருந்து ஒகையோ ஆறு வரை மலைகளைத் துளைத்துப் பாதை அமைத்தது. டால்காட் என்னும் சிற்றூரில் கிரீன்பிரையர் ஆறு ஒரு மலையைப் பல மைல் சுற்றி வளைந்து செல்கிறது. ஆற்றோடு வளையாமல் மலையை ஊடுருவ எண்ணி, 1870-இல் தொடங்கி ஒரு மைலுக்கும் மேற்பட்ட நீளமுள்ள சுரங்கப்பாதையைக் குடைந்தனர். பெருவளைவுச் சுரங்கம் என்பது அதன் பெயர். உழைத்தவர் பெரும்பாலும் அண்மையில் அடிமைத்தளை நீங்கிய கறுப்பினத்தவர்.

வேலையின் தன்மையைச் சிறிது விளக்குதல் வேண்டும். பாறையில் ஆழமான துளையிட்டு, வெடிமருந்து நிரப்பி, வெடித்துச் சிதறிய கல்லை அள்ளி அகற்ற வேண்டும். துளையிடுவோர் இருவர். ஒருவன் நீண்ட எஃகு உளியைப் பாறையில் பொருத்திப் பிடித்திருப்பான். மற்றவன் சம்மட்டியால் அதன் தலையில் ஓங்கி அடிப்பான். ஒவ்வோர் அடிக்கும் இடையே பிடித்திருப்பவன் உளியைச் சற்றே திருப்பித் தூளை உதறிவிட வேண்டும். அடி தவறினால் அவன் கை போகும். இருவர்க்கும் தாளம் ஒன்றாதல் வேண்டும். ஆகவே பாடிக்கொண்டே அடித்தனர். இவ்வுழைப்புப் பாட்டிலிருந்தே ஜான் ஹென்றி பிறந்தான்.

கதை சுருக்கமானது. சம்மட்டி வீரருள் தலைசிறந்தவன் ஜான் ஹென்றி. நீராவியால் இயங்கும் துளைப்பொறியொன்றைக் குழுமத்தார் கொண்டுவந்தனர். பொறி வந்தால் மனிதனுக்கு வேலை இல்லை. “நான் இதனை வெல்வேன்” என்று அவன் எதிர்நின்றான். போட்டி நடந்தது. பொறி ஒன்பதடி துளைத்தபோது அவன் பதினான்கு அடி துளைத்தான். வென்றவுடன், கையிற் சம்மட்டியோடு, வீழ்ந்து இறந்தான். நூற்றுக்கணக்கான வடிவங்களில் இப்பாட்டு நாடெங்கும் பரவிற்று. இருப்புப்பாதைத் தொழிலாளரும் நிலக்கரிச் சுரங்கத்தாரும் சிறைக்கைதிகளும் அதனைப் பாடினர். டால்காட்டில் 1972-இல் அவனுக்கு வெண்கலச் சிலை எழுப்பினர். நம் முன்னோர் போரில் பட்ட வீரனுக்கு நடுகல் நட்டனர். இவர்கள் உழைப்பில் பட்டவனுக்கு நட்டனர்.

அவன் உண்மையில் வாழ்ந்தவனா? வடகரோலைனாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கை ஜான்சன் 1929-இலும், மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயி சாப்பல் 1933-இலும் இதுபற்றித் தனித்தனி நூல் வெளியிட்டனர். சுரங்கத்தில் வேலை செய்த முதியோர் அப்போது சிலர் உயிரோடிருந்தனர். போட்டி நடந்தது என்றனர் சிலர். அங்கே நீராவிப் பொறியே வரவில்லை என்றனர் சிலர். அலபாமா மாநிலத்தில் 1887-இல் நடந்தது என்னும் கொள்கையும் உண்டு.

2006-இல் ஸ்காட் நெல்சன் என்னும் வரலாற்றாசிரியர் புதிய செய்தியொன்றை முன்வைத்தார். வர்ஜீனியா மாநிலச் சிறைச்சாலைப் பதிவேட்டில் ஜான் வில்லியம் ஹென்றி என்னும் கறுப்பின இளைஞன் பெயரை அவர் கண்டார். திருட்டுக் குற்றத்திற்காகப் பத்தாண்டுத் தண்டனை, வயது 19, உயரம் ஐந்தடி ஓர் அங்குலத்தை ஒட்டியது. பாட்டில் வரும் பேருருவ வீரன் எங்கே, இச்சிறுவன் எங்கே! சிறை அதிகாரிகள் கைதிகளை இருப்புப்பாதை வேலைக்கு வாடகைக்கு விட்டனர். டால்காட்டுக்குக் கிழக்கே, வர்ஜீனியா எல்லைக்குள் உள்ள லூயிஸ் சுரங்கத்தில் கைதிகளும் நீராவிப் பொறிகளும் அருகருகே வேலை செய்தமைக்கு ஆவணம் உண்டு. திரும்பி வராத ஒவ்வொரு கைதிக்கும் நூறு டாலர் தண்டம் என ஒப்பந்தம் கூறியது; எனவே இறந்தவரையும் சிறைக்கே கொண்டுவந்தனர் என்பது அவர் கருத்து. அச்சிறைச்சாலை இருந்த இடத்தில் 1992-இல் ஏறத்தாழ 300 எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன.

நெல்சன் கண்டவனே பாட்டில் வருபவன் என எல்லா அறிஞரும் ஒப்பவில்லை. எனக்கும் அவ்வளவு உறுதி இல்லை. ஜான், ஹென்றி என்பன அந்நாட்டில் மிகப் பரவலான பெயர்கள். ஆனால் அவர் சொன்ன மற்றொன்று என்னை நிறுத்திச் சிந்திக்க வைத்தது. சுரங்கத் தொழிலாளர் பலர் சம்மட்டி வீச்சால் இறக்கவில்லை. பாறைத் தூசி நுரையீரலில் படிந்து, மூச்சுத் திணறி, மாதக்கணக்கில் வாடி இறந்தனர். பாட்டு வீரனை ஒரே நொடியில் வீழ்த்தியது. இருமி இருமி இறப்பவனை எவ்வாறு பாடுவது? கதை சம்மட்டியைக் காத்தது. தூசியை நழுவ விட்டது.

டால்காட்டைக் கடந்து செல்லும் அதே இருப்புப்பாதையின் கடைசி ஆணி, 1873 ஜனவரி 29-ஆம் நாள், நியூ ஆற்றங்கரையில் ஹாக்ஸ் நெஸ்ட் என்னும் இடத்தில் அறையப்பட்டது. பருந்துக் கூடு என்பது அப்பெயரின் பொருள். 57 ஆண்டுகளுக்குப் பின்னர், 1930-இல், அதே இடத்தில் மற்றொரு சுரங்கம் தொடங்கியது. யூனியன் கார்பைடு குழுமத்தின் ஆலைக்கு மின்னாற்றல் பெறுவதற்காக, ஆற்று நீரை மலையூடே ஏறத்தாழ மூன்று மைல் திருப்பும் திட்டம் அது. அது பொருளாதார நலிவுக் காலம். தென்மாநிலங்களிலிருந்து வேலை தேடி ஆயிரக்கணக்கானோர் வந்தனர். சுரங்கத்துள் இறங்கியோர் ஏறக்குறைய 3,000 பேர். அவருள் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்.

அம்மலைப்பாறை ஏறத்தாழத் தூய சிலிக்கா. துளையிடும்போது நீரைப் பாய்ச்சினால் தூசி அடங்கும் என்பது அன்றே அறிந்த செய்தி. நீரின்றித் துளைத்தால் வேலை விரைவாக முடியும். நீரின்றியே துளைத்தனர். தொழிலாளர்க்கு முகமூடியும் தரவில்லை. மாலையில் வெளிவருவோர், கறுப்பர் வெள்ளையர் என்று பிரித்தறிய முடியாதபடி, வெண்தூள் பூசியிருந்தனர் என்று பின்னர்ச் சாட்சியம் கூறினர். பல ஆண்டுகளில் கொல்லக்கூடிய சிலிக்கோசிஸ் நோய் இங்கே சில மாதங்களிலேயே கொன்றது. வழக்குகள் குறைந்த தொகைக்குத் தீர்க்கப்பட்டன. அதிலும் கறுப்பினத்தவர்க்குக் கிடைத்த பங்கு சிறிது. 1936-இல் நாடாளுமன்றத் துணைக்குழு விசாரித்தது. மியூரியல் ரூகைசர் என்னும் கவிஞர் நேரிற் சென்று கண்டு, 1938-இல் ஒரு நெடுங்கவிதை வெளியிட்டார். ஆயினும் ஜான் ஹென்றியைப் போல ஊரெங்கும் பாடப்படும் வீரன் ஒருவன் இவர்களிடையே தோன்றவில்லை.

எத்தனை பேர் இறந்தனர்? ஒப்புக்கொள்ளப்பட்டவை 109. நாடாளுமன்ற விசாரணையில் வந்த எண் 476. 1986-இல் மருத்துவர் மார்ட்டின் செர்னியாக் வேலைப் பதிவேடுகளை ஆய்ந்து கணக்கிட்டது 764. நோயுற்றோர் பலர் தத்தம் ஊருக்குத் திரும்பிச் சென்று எங்கெங்கோ இறந்தமையால் முழுக்கணக்கு எவரிடமும் இல்லை. அவ்வட்டாரத்துக் கல்லறைகள் வெள்ளையர்க்கே உரியனவாக இருந்தன. எனவே கறுப்பினத்தார் பலரைச் சம்மர்ஸ்வில் என்னும் ஊருக்கருகே ஒரு பண்ணை நிலத்தில் பெயர்ப்பலகையின்றிப் புதைத்தனர்.

டால்காட்டில் ஜான் ஹென்றியின் சிலையை நிறுவிய காலத்தையொட்டி, நெடுஞ்சாலையை அகலப்படுத்துவதற்காக அப்பண்ணை நிலத்து எலும்புகளைத் தோண்டி, சிறு பெட்டிகளில் இட்டு, வேறிடத்தில் அடக்கம் செய்தனர். புதர் மண்டிய அவ்விடத்தைத் தேடிக் கண்டு, துப்புரவு செய்து, நினைவிடமாக்கியது 2012-ஆம் ஆண்டில்தான்.