சண்டிகர் நாற்காலிகள்: விலையும் மதிப்பும்

ஒரு பொருளுக்கு விலை வேறு, மதிப்பு வேறு. விலையைச் சந்தை கூறும். மதிப்பைக் காலம் கூறும். இவ்விரண்டும் ஒத்து நிற்பது அரிது. இருபதாம் நூற்றாண்டின் பெயர்பெற்ற வடிவமைப்பாளர்கள் ஆக்கிய நாற்காலிகளும் மேசைகளும் மேலைநாட்டு ஏலக் கூடங்களில் பெறும் விலையைக் கேட்போர், ‘உட்காரும் பலகைக்கு இவ்விலை தகுமா?’ என்று வினவுவது இயல்பே. 2009 பிப்ரவரியில் பாரிசு நகரில் கிறிஸ்டீஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில், அயர்லாந்தில் பிறந்த எய்லீன் கிரே வடிவமைத்த கைச்சாய்வு இருக்கை ஒன்று ஏறத்தாழ 2 கோடியே 19 இலட்சம் யூரோவுக்கு விலைபோயிற்று. ஆடை வடிவமைப்பாளர் இவ் சான் லோரானும் அவர்தம் தோழர் பியர் பெர்ஜேயும் திரட்டி வைத்திருந்த கலைத்தொகுப்பைச் சேர்ந்தது அது.

அவ்விருக்கை செல்வர் ஒருவருக்கென்று அரும்பாடுபட்டுச் செய்யப்பட்டது. அதன் விலைக்கு அருமை காரணம் எனலாம். இதற்கு நேர்மாறானது வியன்னாவில் மிக்கேல் தோனெட் 1859இல் வெளிக்கொணர்ந்த 14ஆம் எண் நாற்காலி. நீராவியில் வளைத்த மரத்துண்டுகள் ஆறினைத் திருகாணிகளால் இணைத்துச் செய்யப்பட்ட அது, 1930ஆம் ஆண்டுக்குள் ஏறத்தாழ 5 கோடி விற்பனையாயிற்று. சிற்றுண்டிச் சாலைகள்தோறும் இடம்பெற்றது. அருமைக்கு விலை ஏறும், பெருக்கத்தால் விலை இறங்கும் என்பது சந்தையின் பொதுவிதி.

இவ்விதிக்குள் எளிதில் அடங்காதது சண்டிகர் நாற்காலி. ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டது, அரசுப் பணத்தில், அலுவலர்களும் மாணவர்களும் அமர்வதற்காகச் செய்யப்பட்டது, பின்னர் அரசாலேயே கழிவெனத் தள்ளப்பட்டது, அதன் பின்னர் உலகச் செல்வர் இல்லங்களில் ஏறி அமர்ந்தது. விலைக்கும் மதிப்புக்கும் உள்ள உறவை ஆராய இதனினும் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

தலைநகரின் தோற்றம்

1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் பஞ்சாபின் பழைய தலைநகரான லாகூர் பாகிஸ்தானுக்குச் சென்றது. இந்தியப் பகுதியில் எஞ்சிய பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லை. அகதிகளாய் வந்தோருக்கு வீடும் இல்லை. இமயத்தின் அடிவாரத்தில் புதியதொரு நகரை எழுப்புவதென முடிவாயிற்று. அமெரிக்கரான ஆல்பர்ட் மேயரும் போலந்து நாட்டவரான மாத்யூ நொவிட்ஸ்கியும் முதற் திட்டத்தை வரைந்தனர். 1950 ஆகஸ்டில் நேர்ந்த விமான விபத்தில் நொவிட்ஸ்கி மாண்டார். அதன்பின் பி.என். தாப்பர், பி.எல். வர்மா என்னும் பஞ்சாப் அரசின் இரு அதிகாரிகள் ஐரோப்பா சென்று கட்டடக் கலைஞர்களைத் தேடினர். லெ கொர்புசியே, அவருக்குப் பங்காளி முறையில் இளையவரான பியர் ஜான்னரே, ஆங்கிலேயத் தம்பதியரான மாக்ஸ்வெல் ஃபிரை, ஜேன் டுரூ ஆகிய நால்வரும் இப்பணியை ஏற்றனர்.

லெ கொர்புசியே ஆண்டுக்கு இருமுறை வந்து சென்றவர். ஜான்னரேயோ அந்நகரிலேயே தங்கியவர். 1951 முதல் 1965 வரை சண்டிகரில் வாழ்ந்த அவர், உடல்நலம் குன்றிய பின்னரே தாயகம் திரும்பினார். 1967இல் ஜெனிவாவில் மறைந்த அவரது சாம்பல், அவர் விருப்பப்படியே சண்டிகரின் சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது. நினைவுச் சின்னமாய் நிற்கும் பெருங்கட்டடங்கள் லெ கொர்புசியேயின் பெயரைத் தாங்குகின்றன. அரசு ஊழியர் குடியிருப்புகள், பள்ளிகள், பல்கலைக்கழகக் கட்டடங்கள் முதலிய அன்றாட நகரில் ஜான்னரேயின் உழைப்பே மிகுதி. நாற்காலியும் அவ்வன்றாட நகரைச் சேர்ந்ததே.

நாற்காலியின் அமைப்பு

உயர்நீதிமன்றம், தலைமைச் செயலகம், சட்டமன்றம், பல்கலைக்கழகம், நூலகங்கள், விடுதிகள் எனப் புதிய கட்டடங்கள் எழ எழ, அவற்றுள் இடுவதற்கு இருக்கைகளும் மேசைகளும் வேண்டியிருந்தன. இறக்குமதி செய்ய அரசிடம் பணம் இல்லை. உள்ளூரில் கிடைத்தவை தேக்கும் பிரம்பும். உள்ளூரில் இருந்தவர்கள் கைத்தேர்ச்சி மிக்க தச்சர்கள். இந்நிலையே வடிவத்தைத் தீர்மானித்தது. விரித்த கவராயம் போன்று சாய்ந்து நிற்கும் கால்கள், தடித்த தேக்குச் சட்டம், காற்றுப் புகும் பிரம்புப் பின்னல் – இவையே சண்டிகர் நாற்காலியின் அடையாளம். கோடையின் வெப்பத்தில் மெத்தை இருக்கை வியர்வையைத் தேக்கும்; பிரம்போ உடலுக்குக் காற்றைத் தரும். பிரம்பு தேய்ந்தால் மீண்டும் பின்னலாம். கால் ஆடினால் எந்தத் தச்சரும் சீர்செய்யலாம். தோற்ற அழகு இத்தேவைகளிலிருந்து பிறந்ததேயன்றித் தனியே சேர்க்கப்பட்டதன்று.

இவை ஒரே ஆலையில் வார்க்கப்பட்டவையல்ல. வரைபடம் ஒன்றாயினும் பட்டறைகள் பல. ஆதலின் ஒரே வகை நாற்காலிகளுள்ளும் சட்டத்தின் தடிமனும் காலின் சாய்வும் சிறிதே வேறுபடும். ஏட்டுச் சுவடிகளைப் பெயர்த்தெழுதியோர் கைக்கேற்பப் பாடம் வேறுபட்டதைப் போன்றது இது. சுவடி எழுதியோர் சிலர் இறுதியில் தம் பெயரையாவது பொறித்தனர். இத்தச்சர்கள் அதையும் செய்யவில்லை. வடிவமைப்பிலும் ஜான்னரே தனித்து நின்றவரல்லர். ஊர்மிளா யூலி சௌதரி முதலிய இந்தியக் கட்டடக் கலைஞர்கள் அவருடன் பணியாற்றினர். எந்த வடிவில் எவர் பங்கு எவ்வளவு என்பது இன்றும் ஆய்வுக்குரியது. ஆனால் ஏலப் பட்டியல்களில் முதன்மையாக ஒளிர்வது ஐரோப்பியப் பெயரே.

இன்னொரு செய்தி இன்றியமையாதது. அரசுப் பொருள் களவு போகாதிருக்கவும் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது சரிபார்க்கவும், நாற்காலியின் பின்புறத்திலோ காலிலோ அலுவலகத்தின் பெயர்ச்சுருக்கமும் வரிசை எண்ணும் வண்ணத்தால் எழுதப்பட்டன. எந்த மண்டபம், எந்தத் துறை, எத்தனையாவது நாற்காலி என்பதைக் கூறும் அவ்வெழுத்து, பெயர் தெரியாத பண்டகக் காப்பாளர் ஒருவரின் கைவேலை.

கழிவும் ஏலமும்

தமிழில் ‘நாற்காலி’ என்பது காலை எண்ணி இட்ட பெயர். ஆயினும் அச்சொல் பதவியையும் குறிக்கலாயிற்று. பதவிக்கேற்ப இருக்கை மாறுவதும் அலுவலக வழக்கம். எஃகுக் குழாயும் நெகிழியும் சுழல் நாற்காலியும் வந்தபோது, பழைய தேக்கு நாற்காலி பின்தங்கிய காலத்தின் சின்னமாகத் தோன்றியது. பிரம்பு அறுந்தவை மாடிகளிலும் முற்றங்களிலும் குவிந்தன. மழையிலும் வெயிலிலும் கிடந்தன. விதிமுறைப்படி அவை கழிவுப் பொருளாக அறிவிக்கப்பட்டு ஏலம் விடப்பட்டன. பழைய மரம் வாங்குவோர் மரத்தின் விலைக்கே அவற்றை எடுத்தனர்.

இருபதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் பாரிசு நகரத்துப் பழம்பொருள் வணிகர் சிலர் சண்டிகருக்கு வந்தனர். அவர்கள் வாங்கியவற்றுள் பெரும்பகுதி அரசே முறையாக ஏலம் விட்டவை என்பதை மறத்தல் ஆகாது. வாங்கியவற்றைக் கப்பலேற்றி, தேக்கை இழைத்து மெருகூட்டி, புதுப் பிரம்பு பின்னி, கண்காட்சிகளில் வைத்தனர். அவ்வணிகருள் ஒருவரான எரிக் துஷாலோம், ஜெரால்டு மொரோவுடன் இணைந்து 2010இல் இப்பொருள்களைப் பற்றிய பெருநூல் ஒன்றையும் வெளியிட்டார். நூல் வந்தபின் பொருளுக்குக் குலமரபு கிட்டியது. குலமரபு கிட்டியபின் விலை ஏறியது. பாரிசு, லண்டன், நியூயார்க், சிகாகோ ஏலங்களில் ஓர் இணை நாற்காலிக்குப் பல்லாயிரம் டாலர் தருவது வியப்பற்ற செய்தியாயிற்று.

இப்பயணத்தைப் பின்னோக்கிக் காட்டும் படமொன்றை அமெரிக்கக் கலைஞர் ஏமி சீகல் 2013இல் உருவாக்கினார். செல்வர் இல்லத்தில் தொடங்கி, ஏலக்கூடம், மெருகூட்டும் பட்டறை, கப்பல் என ஒவ்வொன்றாகப் பின்சென்று சண்டிகரில் முடிகிறது அப்படம். அதே ஆண்டு அக்டோபரில் அப்படமே லண்டனில் ஏலத்துக்கு வந்து விற்பனையானது. நாற்காலியின் விலையை ஆராய்ந்த படைப்பும் விலைபொருளானது, இவ்வணிகத்தின் போக்கை நன்கு விளக்கும்.

விலை எதற்கு?

இவ்விலையைக் கூறுகூறாகப் பகுத்து நோக்கலாம். முதலாவது, மரமும் உழைப்பும். இன்றும் நல்ல தேக்கெடுத்துத் தேர்ந்த தச்சரைக்கொண்டு இதே நாற்காலியைச் செய்யலாம். அச்செலவு ஏல விலையில் சிறுபகுதியே. இரண்டாவது, வடிவம். அதையும் புதிதாகவே பெறலாம். இத்தாலியின் கசீனா நிறுவனம் 2019இல் ஜான்னரேயின் பெயரால் இவ்வகை நாற்காலிகளை வெளியிட்டது; பெங்களூரிலும் கைவினைப் பட்டறை ஒன்று இவற்றைப் புதிதாகச் செய்து வருகிறது. உட்காருவோர் உடலுக்குப் பழையதும் புதியதும் ஒன்றே. இவ்விரண்டையும் கழித்தபின் எஞ்சும் பெருந்தொகை, ‘இது அந்நகரில், அக்காலத்தில், அந்த மண்டபத்தில் இருந்தது’ என்னும் ஒரு வாக்கியத்துக்குத் தரப்படுவது. அவ்வாக்கியத்துக்குச் சான்று, கணக்கெடுப்புக்காக எழுதப்பட்ட அவ்வண்ண எழுத்தே. களவைத் தடுக்க எழுதியது விலையை ஏற்றும் முத்திரையாயிற்று. அதனாலேயே போலிகள் மலிந்தன. பழைய மரத்தில் புதிய எண்ணை எழுதும் கள்ளக்கைகளும் தோன்றின.

ஆக, வாங்குவோர் நாற்காலியை வாங்கவில்லை, வரலாற்றை வாங்குகின்றனர். வரலாற்றுக்கு விலை தருவதில் பிழையில்லை. ஆனால் வாங்கப்படும் அவ்வரலாறு முழுமையானதா என்பதே வினா. ஒரு நூலகத்தின் நாற்காலி, அதே கையளவில் செய்த மேசையோடும், அம்மேசைக்கேற்ப வெளிச்சம் விழும் சாளரத்தோடும் சேர்ந்து பொருள் தருவது. கூட்டத்தினின்று பிரித்தெடுத்த ஒற்றை நாற்காலி, செய்யுளினின்று பிய்த்தெடுத்த ஒரு சீரைப் போன்றது. அழகு எஞ்சும், பொருள் குன்றும். கறையையும் தேய்மானத்தையும் இழைத்து நீக்கும்போது, அரை நூற்றாண்டு அதில் அமர்ந்து எழுதியோரின் தடமும் நீங்குகிறது. எதற்காக விலை தரப்படுகிறதோ அதில் ஒரு பகுதி, விற்பனைக்கு ஆயத்தமாகும்போதே அழிந்துவிடுகிறது.

எதிர்வாதத்துக்கும் இடம் உண்டு. அயலார் வந்து விலை கொடுத்திராவிடில் அக்குவியல்களுள் எத்தனை மிஞ்சியிருக்கும்? விறகாய்ப் போனவையும் மக்கிப் போனவையும் பல. ‘நாங்கள் கொண்டு செல்லவில்லை, காப்பாற்றினோம்’ என்று வணிகர் கூறுவதில் உண்மையின் கூறு உண்டு. விலை ஏறிய பின்னரே சண்டிகர் தன் நாற்காலிகளை எண்ணத் தொடங்கியது என்பது கசப்பான உண்மை.

சட்டமும் காப்பும்

2011 பிப்ரவரியில் இந்திய அரசின் உள்துறை அமைச்சகம், சண்டிகரின் மரபுப் பொருள்களை விற்கவும் ஏலம் விடவும் தடை விதித்தது. நகரில் எஞ்சியிருந்த பன்னீராயிரத்துக்கும் மேற்பட்ட மரபுப் பொருள்கள் பட்டியலிடப்பட்டன. ஆயினும் அயல்நாட்டு ஏலங்கள் நின்றபாடில்லை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டத்தின்படி, ஒரு நாற்காலி தொல்பொருளாக மதிக்கப்பட நூறாண்டு கடந்திருத்தல் வேண்டும். 1950களில் செய்யப்பட்டவை அத்தகுதியைப் பெற 2050கள் வரை காத்திருக்க வேண்டும். முன்னரே முறைப்படி விற்கப்பட்டவற்றை மீட்பதற்கோ வழியில்லை. 2016இல் சண்டிகரின் தலைமைக் கட்டடத் தொகுதி யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. கட்டடத்துக்குக் கிட்டிய அம்மதிப்பு, அதனுள்ளிருந்த இருக்கைக்குக் காலத்தில் கிட்டவில்லை.

முடிவுரை

புகழ்பெற்ற வடிவமைப்பாளரின் பழைய நாற்காலி அதன் உயர்விலைக்குத் தகுமா என்னும் வினாவுக்கு, சண்டிகர் தரும் விடை இருபாற்பட்டது. அமர்வதற்கெனின் தகாது, புதியது போதும். வரலாற்றுக்கெனின் தகும், ஆனால் அவ்வரலாறு தன் இடத்தில் நிற்கும்போதே நிறைவுடையது. இடம் பெயர்ந்தபின் தரப்படும் விலையில் ஒரு பகுதி, இழப்புக்குத் தரும் விலையே. அவ்விலையில் ஒரு காசும் பிரம்பு பின்னிய கைக்கோ எண் எழுதிய கைக்கோ சேரவில்லை.

அருமை என்பது பொருளுடன் பிறப்பதன்று, புறக்கணிப்பினாலும் ஆகிவருவது. ஆயிரக்கணக்கில் இருந்தபோது எவரும் நோக்காத நாற்காலி, குறைந்தும் சிதறியும் போனபின் அருமையாயிற்று. பத்தாண்டு நிறைந்த எந்த அமைப்பும் தன் பழைய அழைப்பிதழ்களையும் கையெழுத்துப் படிகளையும் கூட்டப் பதிவேடுகளையும் எடைக்குப் போடுமுன் இதனை எண்ணிப் பார்ப்பது நலம்.

விற்கப்படாத நாற்காலிகள் பல இன்னும் சண்டிகரிலேயே உள்ளன. ஜான்னரே வாழ்ந்த ஐந்தாம் பிரிவு இல்லம் 2017 முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது. பல்கலைக்கழகத் துறைகளிலும் அலுவலகங்களிலும் பழைய இருக்கைகள் பயன்பாட்டிலிருந்து முற்றும் நீங்கவில்லை. மங்கிய எண்ணைப் பின்புறத்தில் தாங்கியபடி, படிக்க வந்தவரையும் மனு கொடுக்க வந்தவரையும் அவை தாங்கி நிற்கின்றன. அவற்றின் விலையை அமர்வோர் அறியார். செய்தவர்கள் கருதிய பயனை அவை இன்றும் தந்துகொண்டிருக்கின்றன.