டிராக்காய் தீவுக் கோட்டை

டிராக்காய், லித்துவேனியாவின் தலைநகர் வில்னியசுக்கு மேற்கே ஏறத்தாழ 28 கி.மீ. தொலைவில் உள்ள சிறிய ஏரிக்கரை நகரம். காரில் அரை மணி நேரப் பயணம். பைன் மரங்களும் வெண்பட்டை பிர்ச் மரங்களும் மாறி மாறி வரும். இடையிடையே ஏரிகள் தென்படும். காலையில் புறப்பட்டால் நிதானமாகப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பிவிடலாம்.

நகரின் அடையாளம், கல்வே ஏரியின் தீவில் நிற்கும் செந்நிறச் செங்கல் கோட்டை. படங்களில் பார்ப்பவர்கள் இதை அறுநூறு ஆண்டுகளாக அப்படியே நிற்கும் கட்டடம் என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அதன் மேற்பகுதிகளில் பெரும்பாலானவை 20ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்டவை.

14ஆம் நூற்றாண்டில் லித்துவேனியப் பெருங்கோமகவை ஆண்டவர்களுக்கு மேற்கே தீராத பகை ஒன்று இருந்தது. டியூட்டானிக் வீரத்துறவியர் என்ற ஜெர்மானியப் படை அமைப்பே அது. அதை எதிர்கொள்ளக் கேஸ்துத்திஸ் இங்கே கோட்டைகள் கட்டினார். கரையை ஒட்டிய தீபகற்பத்தில் ஒன்று, தீவில் ஒன்று. சுற்றிலும் நீர் இருப்பதால் தீவுக் கோட்டைக்கு ஏரியே அகழி. 1382இல் அரசுரிமைப் போராட்டத்தில் கேஸ்துத்திஸ் சிறைப்பட்டு இறந்தார். தீவுக் கோட்டைப் பணியை முடித்தவர் அவர் மகன் வீத்தௌத்தாஸ்.

1410 ஜூலை 15 அன்று குரூன்வால்ட் போரில் போலந்தும் லித்துவேனியாவும் சேர்ந்து அந்தப் படையை முறியடித்தன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. யாரைத் தடுக்கக் கோட்டை எழும்பியதோ அந்தப் பகைவரின் வலிமை, கோட்டைப் பணி முடிந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே ஒடிந்துவிட்டது. அதன்பின் இது அரண்மனையாயிற்று. வெளிநாட்டுத் தூதர்களை வீத்தௌத்தாஸ் இங்கே வரவேற்றார். மன்னராக முடிசூடக் காத்திருந்த அவர், மணிமுடி வந்து சேராமலேயே 1430 அக்டோபரில் டிராக்காயில் காலமானார்.

பிறகு கோட்டை சிறைச்சாலையாக இருந்தது; 17ஆம் நூற்றாண்டில் மாஸ்கோவுடன் நடந்த போர்களில் சிதைந்தது. 19ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் இதை இடிபாடாகத்தான் வரைந்திருக்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பழுதுபார்ப்புப் பணிகள் விட்டுவிட்டு நடந்தன. முழு அளவிலான மறுகட்டுமானம் 1950களில், சோவியத் ஆட்சிக் காலத்தில்தான் தொடங்கியது. 1960இல் நிகிதா குருஷேவ் இதைக் கண்டித்தார். நிலப்பிரபுத்துவக் காலத்தைப் போற்றும் வேலைக்கு இவ்வளவு செலவா என்பது அவர் தரப்பு. அப்படியும் பணி நின்றுவிடவில்லை. லித்துவேனியர்களுக்கு இது வெறும் செங்கல் வேலை அல்ல. தங்களுக்கென ஓர் அரசு இருந்தது என்பதற்கு, சொந்த அரசு இல்லாத நாளில் அவர்கள் எழுப்பிக்கொண்ட சான்று. இடிபாட்டை இடிபாடாகவே விட்டிருக்க வேண்டும் என்போரும் உண்டு. அவர்கள் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் கட்டியது சரி என்பதே என் கருத்து. சுவர்களின் கீழ்ப்பகுதியில் உள்ள பழைய கருங்கற்களையும் மேலே உள்ள செங்கற்களையும் ஒப்பிட்டுப் பார்க்க மாணவர்கள் மறக்கக் கூடாது. தீபகற்பக் கோட்டை பெரும்பாலும் இடிபாடாகவே இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு யார் சொல்வது சரி என்று அவரவரே முடிவு செய்யலாம்.

கோட்டைக்குப் போகும் வழியில் கராயிம் தெரு இருக்கிறது. பலர் இதை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். 1390களின் இறுதியில் கிரிமியாவிலிருந்து வீத்தௌத்தாஸ் அழைத்து வந்து குடியமர்த்திய கராயிம் மக்களின் தெரு இது. கோட்டைக் காவல் அவர்கள் பணிகளில் ஒன்று. பேசுவது துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி. மறைநூல் எபிரேய விவிலியம். தால்முதை அவர்கள் ஏற்பதில்லை. 1441இல் தன்னாட்சி உரிமைகளும் பெற்றனர். மரத்தாலான அவர்கள் வீடுகளில் தெருவைப் பார்த்து மூன்று சன்னல்கள் இருக்கும். ஒன்று கடவுளுக்கு, ஒன்று வீட்டாருக்கு, ஒன்று வீத்தௌத்தாசுக்கு என்பது அங்கே வழங்கும் கதை. ஆட்டிறைச்சியும் வெங்காயமும் பொதிந்து சுட்ட 'கிபினாய்' இங்கே எல்லா உணவகங்களிலும் கிடைக்கும். பார்வைக்கு நம் சோமாசி போலவே இருக்கும்.

லித்துவேனியாவில் இன்று கராயிம்கள் சில நூறு பேர்தான். மொழியைச் சரளமாகப் பேசுவோர் இன்னும் மிகக் குறைவு. அவர்களும் பெரும்பாலும் முதியவர்கள். கோட்டைக்குப் பழைய ஓவியங்களும் அடித்தளமும் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு மேலே கட்டிவிட்டார்கள். பேசுவோர் குறைந்துவரும் மொழிக்கு அப்படி ஒரு வழி இல்லை. டிராக்காயில் கோடைக்கால மொழிப் பயிற்சிகள் நடத்தியிருக்கிறார்கள். பாட்டியிடம் கேட்டிராத சொற்களைக் கராயிம் குழந்தைகள் அங்கே பாடமாகப் படித்தார்கள்.