காசுகள் சொல்லும் சாட்சி



திருத்தூதர் தோமா இந்தியாவுக்கு வந்தார் என்பதற்கு என்ன சான்று என்று நம் பிள்ளைகள் நம்மிடமே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒரு விசாரணை அதிகாரியைப் போல நாமும் ஆராய்வோம்.

முதல் சாட்சி, கி.பி. 3ஆம் நூற்றாண்டில் எழுந்த ‘தோமாவின் பணிகள்’ என்னும் நூல். கொண்டபோரஸ் என்ற இந்திய அரசருக்கு மாளிகை கட்ட தோமா வந்தார் என்கிறது அது. நூலில் கதைகள் மிகுதி. ஆகவே அந்த அரசரையும் நம்பத் தயங்கினார்கள். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தானிலும் பஞ்சாபிலும் அவர் பெயர் பொறித்த காசுகள் கிடைத்தன. அவர் 1ஆம் நூற்றாண்டில் ஆட்சி செய்தார் என்பதை பெஷாவர் பக்கத்துக் கல்வெட்டு ஒன்று காட்டியது.

அக்காலத்தில் தென்னாட்டுக்கு வர வழி இருந்ததா? நமக்கு அருகே, கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் உரோமைக் காசுகள் கிடைத்துள்ளன. திபேரியு சீசரின் காசுகளும் அவற்றில் உண்டு. இயேசு சிலுவையில் அறையப்பட்டபோது ஆண்ட பேரரசர் அவர்தாம்.

அரசர் உண்மை, வழியும் திறந்திருந்தது; காசுகள் சொல்வது இவ்வளவே. தோமா வந்தார் என்பதைக் கேரளக் கரையிலும் மயிலாப்பூரிலும் தலைமுறைகளாகக் காத்த நினைவு சொல்கிறது. காசு சொல்லாததை அதன்மேல் ஏற்றினால் நாம் பொய்ச்சாட்சி ஆவோம்.

காயங்களைக் காணாமல் நம்பமாட்டேன் என்ற தோமாவை ஆண்டவர் விரட்டவில்லை. அருகே அழைத்துக் காட்டினார். கேள்வி கேட்கும் பிள்ளைகளை நாமும் அதட்டாமல், தெரிந்ததைத் தெரிந்த அளவில் சொல்வோம்.