பிரௌன்ஹோஃபர் கழகம்

பிரௌன்ஹோஃபர் கழகம் என்பது ஜெர்மனியின் மியூனிக் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பயன்பாட்டு ஆய்வு நிறுவனம் ஆகும். 1949 இல் தொடங்கப்பட்ட இது, இயற்பியலாளரும் கண்ணாடி வில்லைத் தொழில் முனைவோருமான யோசப் வொன் பிரௌன்ஹோஃபரின் (1787–1826) பெயரைக் கொண்டுள்ளது. 70 இற்கும் மேற்பட்ட ஆய்வு நிலையங்கள் இதன்கீழ் இயங்குகின்றன.

நிதி முறை

1973 முதல் அரசின் அடிப்படை நிதி, கழகம் ஈட்டும் ஒப்பந்த வருவாயுடன் இணைக்கப்பட்டது. ஒப்பந்த ஆய்வுச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே இந்நிதி. எஞ்சியது தொழில்துறை ஒப்பந்தங்களாலும் பொதுநிதித் திட்டங்களாலும் திரட்டப்படுகிறது. ஆகவே, சொந்த ஆய்வகம் அமைக்க இயலாத சிறு நிறுவனங்களும் கட்டணம் செலுத்தி ஆய்வுகளைச் செய்விக்கலாம். ஆனால், உடனடி வாங்குநர் இல்லாத ஆய்வுகளுக்கு அடிப்படை நிதியே துணை.

புதுத் தொழில்கள்

1999 இல் அமைக்கப்பட்ட பிரௌன்ஹோஃபர் வென்ச்சர் பிரிவு, ஆய்வாளர்கள் நிறுவனம் தொடங்க உதவுகிறது. புதிய நிறுவனங்களில் கழகம் சிறு பங்கு பெறுவதும் உண்டு.

எம்பி3

எர்லாங்கன் நிலையம் முதன்மைப் பங்காற்றி உருவாக்கிய எம்பி3 ஒலிச்சுருக்க முறையின் உரிமக் கட்டணம் பெரும் வருவாய் ஈட்டியது. அவ்வுரிமத் திட்டம் 2017 இல் முடிவுற்றது.