யாழ்ப்பாணத்து வெயிலும் லண்டன் வெக்கையும்

சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில்தான் நண்பகல் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கும். மருத்துநீர் வைத்து முழுகிவிட்டு முற்றத்தில் நின்றால் எங்கட நிழல் காலடியில் சுருண்டு கிடக்கும். அந்த வெயிலில் தோட்டம் கொத்திய எங்களுக்கு, இங்கிலாந்துக் கோடையைப் பற்றி யாராவது எச்சரித்தால் சிரிப்புத்தான் வரும். நானும் 2022 ஆடி மாதம்வரை சிரித்தவன்தான்.

இந்த நாட்டு வெப்பத்துக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1976 இல் மழை பொய்த்தபோது வரட்சிக்கென்றே டெனிஸ் ஹவல் என்ற மந்திரியை நியமித்தார்கள். (அவர் வந்து சில நாளில் மழை கொட்டியது வேறு கதை.) 2003 ஆவணி 10ஆம் திகதி, கென்ற் பகுதியிலுள்ள ஃபவர்ஷாமில் 38.5 பாகை. அந்த மாத வெக்கையில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழமையைவிட 2,000 பேருக்கு மேல் கூடுதலாக இறந்தனர். பிரான்ஸில் ஏறத்தாழ 15,000 பேர். பெரும்பாலோர் வயதானவர்கள். அவர்களில் பலர் வெளி வெயிலில் நிற்கவேயில்லை, வீட்டுக்குள் இருந்தவர்கள். அடுத்த வருடம்தான் அரசாங்கம் வெப்ப அலைக்கென்று ஒரு திட்டத்தை வெளியிட்டது.

வீட்டுக்குள் ஏன்? குட்மேய்ஸ் புகையிரத நிலையம் 1901 இல் திறக்கப்பட்டது. அந்தக் காலத்தில் கமரன் கோர்பெற் என்பவர் இங்கு கட்டுவித்த வரிசை வீடுகளில் ஒன்றில்தான் நாங்கள் இருக்கிறோம். குளிருக்கென்று கட்டிய செங்கல் வீடு. பிறகு இரட்டைக் கண்ணாடி போட்டு, கூரைக்குள்ளும் ஓர் அறை எடுத்தோம். ஊரில் நாற்சார் வீட்டு நடுமுற்றத்தால் வெக்கை மேலே போய்விடும். விறாந்தை வெயிலைச் சுவரில் விடாது. மத்தியானம் வேலையும் நின்றுவிடும், மோரும் வரும். கறுத்தத் தோல் எரிவைக் கொஞ்சம் தாங்குமே தவிர உடம்புச் சூட்டை இறக்காது. அதை அந்த வீடுதான் பார்த்துக்கொண்டது.

2022 ஆடி 18ஆம் திகதி இரவு நாட்டின் சில இடங்களில் வெப்பம் 25 பாகைக்குக் கீழே இறங்கவேயில்லை. மறுநாள் ஹீத்ரோவில் 40.2, லிங்கன்ஷயர் கோனிங்ஸ்பியில் 40.3. மாமி கூரை அறையில் இருந்தா. கள்ளருக்குப் பயந்து யன்னல் பூட்டு. படி இறங்கிக் கக்கூசுக்குப் போகவேண்டுமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை. ஃபான் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. 35 பாகைக்கு மேல் அது சூட்டுக் காற்றைத்தான் எங்கள்மேல் அடிக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. பின்னேரம் தேத்தண்ணி கொண்டுபோனேன். "தம்பி, கிணத்தில தண்ணி கிடக்கோ?" என்று கேட்டா. நாக்குக் குழறியது. தொட்டால் நெருப்பு.

கீழே தூக்கிவந்து, 999 இல் சொன்னபடி ஈரத்துணியால் ஒற்றி ஒற்றிக் காற்று விசுக்கினோம். எங்களுக்குத் தென்கிழக்கே வெனிங்ரனில் அதே பின்னேரம் வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு லண்டன் தீயணைப்புப் படைக்கு அவ்வளவு வேலை வந்த நாள் வேறில்லையாம். மாமி ஆஸ்பத்திரியில் இரண்டு இரவு இருந்து திரும்பி வந்தா. அந்தக் கோடை வெக்கைகளில் இங்கிலாந்தில் 65 வயதும் அதற்கு மேலுமானவர்களில் ஏறத்தாழ 2,800 பேர் வழமையைவிடக் கூடுதலாக இறந்ததாகப் பிறகு கணக்கிட்டார்கள்.

இப்போது ஆனி பிறந்தால் மாமியின் கட்டில் கீழ் முன்னறைக்கு வந்துவிடும். வெயில் ஏறமுன் திரைச்சீலையை இழுத்துவிடுவோம், இரவில் யன்னல் திறப்போம். தலைமாட்டில் ஒரு போத்தல் தண்ணீரும் ஊரிலிருந்து வந்த பனையோலை விசிறியும். யன்னல் விஷயத்தில்தான் இன்னும் சண்டை. நான் படுத்த பிறகு எழும்பிப் பூட்டிவிடுகிறா.